ஏழாவது ஒத்திகை

"என் ஆறாவது அத்தியாயத்தை நீங்க படிக்கவே இல்லையா சார்?"

அந்தப் பெண் வெடுக்கென்று இப்படிக் கேட்டதும் உதவி மைய அதிகாரிக்குக் குலை நடுங்கியது. கேட்டது யாரை? வெளியூரிலிருந்து வந்திருக்கும் தேர்வாளரை!

"படிக்கலம்மா" என்றார் அவர், நாற்காலியில் நெளிந்துகொண்டே.

"பெருந்தன்மையைப் பாத்தீங்களா? வரிக்கு வரி படிச்சிருப்பாரு. பொண்ணை ஆழம் பாக்குறாரு" என்று அதிகாரியின் காதைக் கடித்தார் பெண்ணின் ஆய்வு நெறியாளர்.

அதிகாரிக்குப் பல்கலைக்கழகத்தில் 'கைத்தாங்கல் மேடம்' என்று பட்டப்பெயர். ஆய்வு மாணவர்களின் கட்டுரைகளைத் திருத்தித் தருவது, மனம் நொந்து வருபவர்களை உட்காரவைத்துப் பேசுவது, வாய்மொழித் தேர்வுக்கு ஒத்திகை வைப்பது எல்லாம் அவருடைய மையத்தின் வேலை. இந்தப் பெண் அங்கே நிரந்தர வாடிக்கை. ஒத்திகை என்றால் மடை திறந்தது போலப் பேசுவாள். நிஜத் தேர்வு என்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். இரண்டு முறை அப்படித்தான் ஆனது. மூன்றாவது முறையும் வாயடைத்து நின்றால் ஐந்து வருட உழைப்பு குப்பைக்கூடைக்கு. நாலாவது வாய்ப்புக்கு விதியில் இடமில்லை.

அதனால்தான் கைத்தாங்கல் மேடம் துணிந்து ஒரு தில்லுமுல்லு செய்தார். தேர்வு அடுத்த வாரம் என்று பெண்ணிடம் புளுகினார். தேர்வு அறிவிப்பை மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினார். "இன்னிக்கு ஏழாவது ஒத்திகை. புதுசா ஒருத்தர் வந்து கேள்வி கேப்பாரு. பயப்படாம வெளுத்து வாங்கு" என்று சொல்லிக் கருத்தரங்கு அறைக்கு வரவழைத்தார். நெறியாளர் முதலில் தலையைச் சொறிந்தார். பிறகு அவரும் உடந்தை.

காலை பத்து மணிக்கு அறை வாசலில் தோள்பையோடு ஒருவர் வந்து நின்றார். இருவரும் ஓடிப்போய் வரவேற்றார்கள். நெறியாளர் வலுக்கட்டாயமாகப் பையைப் பிடுங்கிக்கொண்டார். கல் மாதிரி கனத்தது. எத்தனை புத்தகமோ என்று நினைத்துக்கொண்டார்.

"சார், ஒரே ஒரு உதவி" என்று மேடம் கெஞ்சினார். "பொண்ணு பயந்த சுபாவம். இது ஒத்திகைன்னு சொல்லித்தான் வரவெச்சிருக்கோம். நீங்களும் அந்த மாதிரியே உக்காந்து கேள்வி கேக்கணும்."

"நானா? எனக்கு இதுல என்னம்மா தெரியும்? வந்த வேலையைப் பாத்துட்டுக் கிளம்புறேனே..."

"உங்க அடக்கமே அடக்கம் சார்! வந்த வேலையே இதுதானே? மனசுல தோணுறதைக் கேளுங்க, அது போதும்."

கூரையில் தொங்கிய புரொஜெக்டர் ஒரு வாரமாக உயிரை விட்டுக் கிடந்தது. படம் எதுவும் காட்ட வழியில்லை. பெண் வெறும் வாயாலேயே ஆரம்பித்தாள். வகுப்பறையின் எதிரொலி ஆசிரியரின் பேச்சை எப்படி விழுங்குகிறது என்பதுதான் அவளுடைய ஆய்வு.

பத்து நிமிடம் பொறுமையாகக் கேட்டவர் தொண்டையைச் செருமினார்.

"எல்லாம் சரிம்மா. இதனால யாருக்கு என்ன பிரயோஜனம்?"

நெறியாளர் முகத்தில் ஈயாடவில்லை. முப்பது வருடத்தில் இவ்வளவு பயங்கரமான கேள்வியை எந்தத் தேர்வாளரும் கேட்டு அவர் பார்த்ததில்லை.

பெண் அசரவில்லை. "எழுந்து வாங்க சார்" என்று அவரைக் கடைசி வரிசைக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்தாள். முன்னால் வந்து ஓங்கிக் கைதட்டினாள். ஜன்னல்களின் கனத்த திரைகளை இழுத்து மூடிவிட்டு மறுபடியும் தட்டினாள்.

"இப்ப எப்படி இருக்கு?"

"அட! சத்தம் சட்டுனு நின்னுடுச்சே!"

"திரைக்கு வழியில்லாத பள்ளிக்கூடத்துல, கடைசி பெஞ்சுப் பிள்ளைங்களுக்கு எப்படிப் பாடம் கேக்க வைக்கிறதுன்னுதான் சார் அஞ்சு வருஷமாப் பாத்தேன்."

பிறகு அவர் விடவில்லை. தகரக் கூரைக்கு என்ன செய்வது, விசிறிச் சத்தத்துக்கு என்ன செய்வது என்று தோண்டித் தோண்டிக் கேட்டார். விசிறியைப் பற்றிக் கேட்டபோதுதான் அவள் அந்த ஆறாவது அத்தியாயத்தை வைத்து அவரை மடக்கினாள். மடக்கியதோடு நிற்காமல் அதை அடி முதல் நுனி வரை விளக்கவும் செய்தாள்.

"நல்லா புரிஞ்சுடுச்சும்மா" என்றார் அவர் வாயெல்லாம் பல்லாக.

மேடத்தால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. துள்ளி எழுந்தார்.

"அடியே, இது ஒத்திகை இல்லடி! நிஜத் தேர்வு! நீ ஜெயிச்சுட்டே!"

பெண் பேயறைந்தவள் மாதிரி நின்றாள். "நிஜத்... தேர்வா?" என்றாள். நெறியாளர் தேர்வுப் படிவத்தோடு கடைசி வரிசைக்கு ஓடிப் பேனாவை நீட்டினார்.

அவர் பேனாவை வாங்கவில்லை. திருதிருவென்று விழித்தார்.

அப்போது கதவு திறந்தது. கோட்டுப் போட்ட பெரியவர் ஒருவர் பெட்டியோடு வியர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தார்.

"மன்னிக்கணும். ரயில் ஒரு மணி நேரம் லேட். தேர்வாளர் நான்தான். ஆரம்பிக்கலாமா?"

மேடம் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார். போச்சு, எல்லாம் போச்சு. பெண்ணின் உதடுகள் அசைந்தன, சத்தம் வரவில்லை.

கடைசி வரிசைக்காரர் எழுந்து வந்தார். தன் பையைத் திறந்து ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு பெண்ணின் அருகே குனிந்தார்.

"தைரியமா சொல்லு தங்கச்சி. புரொஜெக்டர் ரிப்பேருக்கு வந்த எனக்கே புரிஞ்சுதே, படிச்சவருக்குப் புரியாதா?"