எந்த மஸ்தான்?

"உங்க ஆளுங்கள்லகூட மஸ்தான்னு பேரு வெப்பாங்களாக்கா?" என்று பக்கத்தில் நின்ற பெண் கேட்டாள்.

யுத்தச் சரக்கு வைக்க ஆவடியில் கட்டிக்கொண்டிருந்த கிடங்கில் காலையில் சாரம் சரிந்துவிட்டது. மஸ்தான் என்ற கொத்தனார் செத்துவிட்டதாகச் சேதி. தாட்சாயிணி அம்பத்தூரிலிருந்து ஓடி வந்திருந்தாள். ஃபக்ருன்னிசா பூந்தமல்லியிலிருந்து ஜட்காவில் வந்திருந்தாள். மேஸ்திரி வரட்டும் என்று காவல்காரன் இருவரையும் வெயிலில் நிறுத்தியிருந்தான்.

"முன்னாடி பொறந்த மூணும் தங்கலையாம். மாமியாரு தர்காவுல வேண்டிக்கினு வெச்ச பேரு" என்றாள் தாட்சாயிணி. மாமியாரை அவள் பார்த்ததில்லை. எல்லாம் அவன் சொன்னதுதான்.

ஃபக்ருன்னிசாவிடம் அவள் புருஷன் சொன்னது வேறு. ஆண்டவன் நினைப்பிலேயே கிறங்கிக் கிடப்பவன் என்று அர்த்தமாம், பாட்டனார் பேராம்.

"காலையிலகூட ஊட்டுல கஞ்சி குடிச்சிட்டுதான்க்கா போனாரு."

தாட்சாயிணியின் புருஷன் வீட்டுக்கு வந்தே எட்டு நாளாகிறது. வேலை மும்முரம், கொட்டாயிலேயே படுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிப் போனவன்.

இரண்டு பேரில் ஒருத்திதான் தாலியோடு திரும்பப் போகிறாள். மாங்காட்டு அம்மா, செத்தது அவள் புருஷனாக இருக்கட்டும் என்று தாட்சாயிணி கண்ணை மூடி வேண்டினாள். திறந்தபோது ஃபக்ருன்னிசாவின் உதடுகளும் அசைந்துகொண்டிருந்தன.

மேஸ்திரி வந்து பிணம் கிடந்த கொட்டாயைக் காட்டினார். தாட்சாயிணி வெளியிலேயே நின்றுவிட்டாள். ஃபக்ருன்னிசா ஓடினாள். மூடியிருந்த கோணியை விலக்கியதும் அவள் போட்ட அலறல் வெளியே கேட்டது.

தாட்சாயிணி அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள். தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அப்படி வேண்டிக்கொண்டதை நினைத்தால் கூசியது. ஆனாலும் மூச்சு திரும்பி வந்தது.

"ஐயா, எங்க மஸ்தானைக் கொஞ்சம் கூப்ட்டு உடுங்க. கண்ணால பாத்துட்டுப் போயிடறேன்."

மேஸ்திரி அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"இங்க மஸ்தான்னு ஒரே ஆளுதாம்மா."

தாட்சாயிணி எழுந்து கொட்டாய் வாசல் வரை போனாள். மார்பில் விழுந்து அழுதவளின் தோளுக்கு மேல் எட்டு நாளாக அவள் பார்க்காத அந்த முகம் தெரிந்தது. ரோட்டில் இறங்கி அம்பத்தூர் பக்கமாக நடந்தாள்.