வீட்டுக்காரி

மாரியின் முதல் மழை போன கிழமையே பெய்துவிட்டது. ஜெஸீறா வளவெல்லாம் ஓடி ஓடிச் சிரட்டைகளைக் கவிழ்த்தாள். வாழையடியில் தேங்கிய தண்ணீரை வெட்டிவிட்டாள். காற்றுக்கு முறிய இருக்கும் முருங்கைக் கொப்பை இன்னும் தறிக்கவில்லை.

"பீ.எச்.ஐ. அடுத்த வளவுக்கு வந்திட்டார்!" வேலிக்கு அப்பாலிருந்து பெனாசிர் கத்தினாள். "சொந்தச் சாச்சிக்கே டெங்கு நுளம்பு வழக்குப் போட்ட மனிசன், நம்மள விடுவாரா?"

ஜெஸீறா முக்காட்டைச் சரிசெய்வதற்குள் படலை திறந்தது.

பொதுச் சுகாதாரப் பரிசோதகரான பீ.எச்.ஐ. மிஹ்லார் இரண்டு உதவியாளர்களோடு உள்ளே வந்தார். அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. மிளகாய்ப் பாத்தி, கிணற்றடி, கூரைப் பீலி எல்லாம் பார்த்து, குசினிக்குப் பின்னால் கிடந்த பழைய டயருக்குள் டோர்ச் அடித்தார். தண்ணீரில் நுளம்புப் புழு நெளிந்தது.

"வீடு ஆர்ட பேரில?"

"என்ட பேரில. வாப்பா சீதனமாத் தந்தது."

"அப்ப வழக்கும் உங்கட பேரிலதான்."

வேலியோரம் அயல் சனமெல்லாம் கூடி நின்றது. ஜெஸீறா ஒரு கணம் டயரைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"எழுதுங்க, மகள்ட வாப்பா. இதுக்குள்ள கத்தரிக் கண்டு நடப்போறன் எண்டு டயரக் கொண்டு வந்து போட்டது ஆரெண்டும் சேர்த்து எழுதுங்க."

பேனை நின்றது. உதவியாளர்கள் முருங்கையை அண்ணாந்து பார்த்தார்கள்.

"எழுதிப்போட்டு, ராவைக்கு உங்கட உம்மாட வீட்டில போய்ப் படுங்க. இந்த வீடு என்ட பேரிலதானே!"