மூன்று குவியல் புல்

"படலோரம் வேண்டாங்கறேன், நீ மறுபடியும்..."

"அவ நிக்கறதே படலோரந்தானுங்க, வேற எங்க கொண்டுபோயி..."

"சொல்றத முழுசாக் கேளு. ஆடிக் காத்து. அங்க போட்டா பாதிப் புல்லு ரோட்டுக்குப் போயிரும்."

"போனாப் போவுது. மீதிப் பாதியாச்சும் அவ வாயில போவட்டும்."

"வேலமரத்து மறைவுல போடு. பசிச்சா வருவா."

"நேத்தும் அதத்தான் சொன்னீங்க. முந்தாநேத்தும் அதத்தான். வந்தாளா?"

காய்ந்த புல்லுக்கட்டின் ஒரு முனை அவர் கையில். மறு முனை பெண்டாட்டி பாவாத்தா கையில். கட்டு இந்தப் பக்கமும் வராமல் அந்தப் பக்கமும் போகாமல் நடுவில் கிடந்து உதிர்ந்தது.

மேய்ச்சல் காட்டின் கிழக்குக் கோடியில், ரோட்டுப் பக்கம் வாசலை அடைத்த மூங்கில் படலுக்கு மேலே தலையை நீட்டி நின்றது பவளம். செவலைக் குதிரை. கூட இருந்த ஆண் குதிரை துரையை விற்ற நாளிலிருந்து அதே இடம். தண்ணீர் மட்டும் வந்து குடிக்கும். திரும்பப் போய் நின்றுகொள்ளும்.

துரையை ஏற்றிய டெம்போ அந்தப் படலைத் தாண்டித்தான் போனது.

"நின்ன இடத்துக்கே கொண்டுபோய்க் குடுத்தீன்னா, அப்புறம் ஆயுசுக்கும் அங்கயேதான் நிப்பா, பாவாத்தா. குதிரை சங்கதி உனக்கு என்ன தெரியும்?"

"ஒண்ணுந் தெரியாதுங்க. குதிரை திங்காம நின்னா வயிறு கட்டிக்கிட்டுச் செத்துப்போவும்னு மட்டுந் தெரியும்."

"இத்தனை தெரிஞ்சவதான் அவன விக்கச் சொன்னியா?"

காற்று ஒரு கைப்பிடிப் புல்லை எடுத்துக்கொண்டு போனது.

"ஆமாங்க. நாந்தான் சொன்னேன்."

அவர் கையை எடுத்துவிட்டார்.

"என்னமோ பண்ணு."

அவ்வளவுதான். வேலியோரம் கிடந்த கயிற்றுக் கட்டிலில் போய் உட்கார்ந்தார். காட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

அவள் சொன்னதில் பொய் இல்லை. ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். குதிரை இரண்டென்றால் புல் மூன்று குவியலாகப் போட வேண்டும். ஒன்று விரட்டினால் மற்றது போய்த் தின்ன ஓர் இடம் மிஞ்ச வேண்டுமே. ஆனால் துரைக்கு மூன்றும் வேண்டும். பவளம் ஒரு குவியலில் வாய் வைத்ததும் காதை மடக்கிக்கொண்டு வருவான். பின்தொடையில் ஒரு கடி. பவளம் அடுத்ததற்கு ஓடும். அங்கேயும் வருவான். தின்று முடிகிற வரைக்கும் இதே ஓட்டம்.

சமையற்கட்டுச் சன்னலில் தினமும் பார்க்கிறவளுக்குப் பொறுக்கவில்லை.

"அவன் தொலைஞ்சாத்தான் இவ ஒரு வாய் நிம்மதியாத் திம்பா."

அவர் சண்டை போட்டார். பேசாமல் இருந்தார். மறுபடி சண்டை போட்டார். கடைசியில் இந்த ஆடிச் சந்தைக்குத் துரையை ஏற்றிக்கொண்டு போய் விற்றுவிட்டு வந்தார்.

அவள் கட்டைத் தூக்கிப் படலோரம் கொண்டுபோனாள். பவளத்தின் மூக்குக்கு நேரே உதறினாள்.

பவளம் முகர்ந்தது. ரோட்டைப் பார்த்தது.

இன்னொரு பங்கை அள்ளிப்போய் வேலமரத்தடியில் போட்டாள். நடுவில் ஒன்று. கை பழக்கத்தில் மூன்றாகத்தான் பிரித்தது.

திரும்பி வந்து விலாவில் கை வைத்தாள். உள்ளே எலும்பு தட்டுப்பட்டது.

"தின்னு சாமி. ஒருத்தனும் வர மாட்டான்."

பவளம் ஒரே ஒரு வாய் கவ்வியது. மெல்லவில்லை. புல் வாயோரம் தொங்க, காதைப் பின்னால் திருப்பிக்கொண்டு நின்றது.

அந்த நிற்பு அவளுக்குத் தெரியும். கடி விழுவதற்கு முன்னால் நிற்கிற நிற்பு.

விழவில்லை.

புல் வாயிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது.

அவள் அந்தக் காதைப் பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகினாள். பின்பக்கமாக வந்து, உள்ளங்கையை விரித்து, பவளத்தின் தொடையில் ஓங்கி ஓர் அறை வைத்தாள்.

"போடி அங்குட்டு."

பவளம் துள்ளியது. நடுக் குவியலுக்கு ஓடியது. அவசர அவசரமாக ஒரு வாய் கவ்வியது.

மென்றது.

விழுங்கிவிட்டு, காதைத் திருப்பிக்கொண்டு நின்றது.

அவள் அங்கேயும் போனாள். கை ஓங்கினாள். பவளம் வேலமரத்தடிக்கு ஓடியது. தின்றது. அங்கேயும் போனாள். படலுக்கு ஓடியது. தின்றது.

வெயில் சாய்கிற வரைக்கும் விரட்டினாள். கால் மரத்துப்போயிற்று. உள்ளங்கை எரிந்தது. மூன்று குவியலும் பாதியாகக் குறைந்திருந்தன. பவளத்தின் கண் பளிச்சென்று இருந்தது.

அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கட்டில் பக்கம் பார்த்தாள்.

அதே முதுகு. சண்டைக்குக்கூடத் திரும்பாத முதுகு.

கிட்டப் போனாள். கட்டிலுக்குப் பின்னால் நின்றாள். மூச்சு வாங்கியது. அது அவருக்குக் கேட்டிருக்கும்.

"ஏனுங்க. படலோரந்தான் போட்டேன். நாளைக்கும் அங்கதான் போடுவேன். வேண்டாம்னு சொல்லுங்க, பாக்கலாம்."