கிளியூர்ப் பலாமரம்

"ஏனுங்க, அந்த சென்னைக்காரர்கிட்ட எதுக்குப் பொய் சொன்னீங்க?" பவித்ரா கணவனை விடவில்லை. "தேவாங்கு இருக்கறது செம்மநத்தத்துல. கிளியூர் பலாமரத்துலன்னு சொல்லியிருக்கீங்க!"

லோகேஷ் சிரித்தான். சிறுவயதில் அணிலைப் படமெடுத்துத் திரிந்தவனுக்கு, ஏற்காடு வருபவர்களுக்கு விலங்குகளைப் படமெடுக்கக் கற்றுத்தருவதே இன்று தொழில்.

"நல்ல படம் அவருக்குக் கிடைச்சிரும்னு பொறாமைங்களா?"

"நாளைக்குச் சொல்றேன்."

மறுநாள், பலாமரத்தில் ஒளித்துக் கட்டியிருந்த தானியங்கிக் கேமராவைக் கழற்றி வந்து காட்டினான். திரையில் சென்னைக்காரர், வலையும் கோணிப்பையுமாக மரமேறிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு நாளா எங்கூட வந்தும் கேமராவைப் பையை விட்டே எடுக்கலை. எந்த மரம்னு மட்டும் நொம்ப விசாரிச்சாரு."

"அடப்பாவி! ஃபாரஸ்ட் ஆபீசுக்குப் படத்தை அனுப்பிட்டீங்களா?"

"அனுப்பிட்டேன். சின்ன வயசுல இருந்து நான் மிருகத்தை மட்டுந்தான் எடுக்கறேன். இதுவும் அதுல சேத்திதான்."