பல்லியின் புது வால்

ஆலயச் சுவரில் ஒரு பல்லி இருந்தது. காலை மணி அடித்ததும் ‘ச்சு, ச்சு’ என்று படைத்தவருக்கு ஸ்தோத்திரம் சொல்லும். ஒருநாள் ஜன்னல் கதவில் சிக்கி அதன் வால் துண்டாகிவிட்டது. அன்றோடு வாயை மூடிக்கொண்டது.

“ஸ்தோத்திரம் சொல்ல மாட்டீங்களா, அண்ணே?” என்று பக்கத்து மூலைச் சிலந்தி கேட்டது.

“என் வாலைக் காப்பாத்தாதவருக்கு என் சத்தம் எதுக்கு? நீ உன் வலையைப் பாரு.”

வாரங்கள் போயின. ஒரு விடியற்காலையில் சிலந்தி கூப்பிட்டது. “அண்ணே, கொஞ்சம் பின்னால பாருங்களேன்.”

பல்லி திரும்பியது. முழு வால் இருந்தது. தான் முறுக்கிக்கொண்டு கிடந்த நாளெல்லாம் படைத்தவர் சத்தமில்லாமல் வேலை செய்திருக்கிறார்.

“நிறம் கொஞ்சம் மங்கல்தான்” என்று முனகியது.

ஆனால் அன்று மணி அடிக்கும்வரை அதற்குப் பொறுக்கவில்லை.

‘ச்சு, ச்சு.’