பிரினாவின் நெஞ்சுக்கவசம்

"இதுவும் வேண்டாம். அக்குள்ல உரசுது பாரு" என்றார் டானே.

ஐந்தாவது கவசத்தையும் நாயின் உடம்பிலிருந்து கழற்றினாள் யாகோதா. காலை பத்து மணிக்குக் கடைக்கு வந்த மனிதர். மாதா கோவிலில் மதிய மணியே அடித்தாயிற்று. பிரினா மட்டும் அலுத்துக்கொள்ளாமல் நாலு காலையும் ஊன்றி நின்றது.

"மாமா, கல்யாண மாப்பிள்ளைக்குக் கோட்டு எடுக்கக்கூட இவ்வளவு நேரம் ஆகாது!"

"மாப்பிள்ளை நெஞ்சைக் காட்டுப்பன்றி கிழிக்கப் போகுதா என்ன?"

யாகோதா சிரித்துவிட்டாள். அவர் சொன்னதிலும் தப்பில்லை. போன நவம்பரில் மலைக்காட்டில் ஒரு கிழட்டு ஆண்பன்றி பிரினாவின் நெஞ்சைக் கிழித்துவிட்டது. முப்பத்தொரு தையல் போட்டுப் பிழைக்க வைத்தார்கள். தழும்பின் மேல் இன்னும் முடி முளைக்கவில்லை.

பிரினாவும் போய்விட்டால் அவருக்கு யார் இருக்கிறார்கள்? "இன்னைக்கு என்ன குளிர்!" என்று சொன்னால் தலைதூக்கிப் பார்க்க அந்த வீட்டில் வேறு ஜீவன் கிடையாது.

மனைவி இறந்து ஐந்து வருடம். அவள் மூச்சு நின்ற நேரத்தில் டானே, தொலைந்துபோன வேட்டைநாயைத் தேடிக் காட்டுக்குள் அலைந்துகொண்டிருந்தார். "இனிமே நாய்ங்களோடயே குடும்பம் நடத்து" என்று கல்லறையிலேயே சொல்லிவிட்டு, ஒரே மகன் நிகிட்சா கடலோர நகரத்துக்குப் போனவன்தான். ஊருக்கே தெரிந்த கதை இது. மூன்று வருடம் முன்பு கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த யாகோதாவுக்கு, வந்த வாரமே மூன்று பேர் சொல்லிவிட்டார்கள்.

"மகன் இப்பவாவது பேசுறாரா மாமா?"

"என் நம்பரைப் பார்த்தா எடுக்க மாட்டான். விடும்மா. அந்த ஆரஞ்சு கலரை எடு."

ஆறாவது கவசம். நெஞ்சிலும் கழுத்திலும் கனமான இரட்டைத் துணி, முதுகில் லேசு. யாகோதா வாரை இழுத்துப் பூட்டி, உள்ளே இரண்டு விரல் நுழைகிறதா என்று பார்த்தாள். முன்னங்காலைத் தூக்கி மடக்கினாள். எங்கும் இடிக்கவில்லை. பிரினா உடம்பைச் சிலிர்த்து உதறியது. கவசம் இருந்த இடத்திலேயே இருந்தது.

டானே இரண்டு முறை சுற்றிவந்து பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.

"ஓடினா ரொம்பச் சூடாகுமோ?"

"வெளியில பனி கொட்டுது மாமா. சூடானா நல்லதுதானே?"

"அதுவும் சரி. இதுவே இருக்கட்டும்." நாயின் காதைத் தடவினார். "முதுகுல போன் நம்பர் தைச்சுத் தருவியாமே?"

"தருவேன். ஆனா இவ எங்க தொலையப் போறா? நீங்க தும்முனாலே ஓடிவருவாளே!"

"எதுக்கும் இருக்கட்டும்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "தைக்கிறதுக்கு முன்னாடி போன் போட்டு சரிபார்ப்பியாம்ல? நம்ம வேட்டைக் கோஷ்டியில சொன்னாங்க."

"பின்னே? ஒரு தடவை பட்டது போதாதா?"

பட்டதுதான். போன வருடம் ஒரு எண் மாறித் தைத்ததில், ஒருவருடைய நாய் தொலைந்தபோது பக்கத்து ஊர்ப் பாதிரியாருக்குப் போன் போனது. ஞாயிறு பூசையின் நடுவே, "உங்க நாய் எங்க கோழியைத் தின்னுடுச்சு, வந்து கூட்டிட்டுப் போங்க" என்று ஒரு பெண் கத்தியது ஒலிபெருக்கியில் கேட்டதாம். அன்றிலிருந்து யாகோதா, மணி அடித்து ஆள் எடுத்துப் பேசாமல் ஊசியில் நூல் கோக்க மாட்டாள்.

டானே உள்பையிலிருந்து நாலாய் மடித்த காகிதத்தை எடுத்து நீட்டினார்.

"சொந்த நம்பர்கூடவா மனப்பாடம் இல்லை?"

"எனக்கு நானே எப்பம்மா போன் பண்ணப் போறேன்?"

யாகோதா கடைப் போனில் எண்களை அழுத்தி, எல்லாருக்கும் கேட்கும்படி வைத்துவிட்டு, தையல் இயந்திரத்துக்கு நூல் தேடினாள். மணி அடித்தது. டானேயின் கோட்டுப்பையில் சத்தமே இல்லை. போனை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருப்பார் என்று நினைத்தாள். அவர் ஏனோ தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

"ஹலோ?" கரகரத்த ஓர் ஆண் குரல். "யாரு?"

யாகோதா திடுக்கிட்டாள். "இது... நாய்க் கவசம் தைக்கிற கடைங்க. நம்பர் சரிதானான்னு பார்க்கிறேன்."

"தப்பான இடம். என்கிட்ட நாயெல்லாம் கிடையாது. நாய்ன்னாலே எனக்கு ஆகாது." இரண்டு முறை இருமினான். "வைங்க."

இணைப்பு அறுந்தது.

"பார்த்தீங்களா! நல்லவேளை, தைக்கலை. ஏதோ ஒரு எண்ணைத் தப்பா எழுதியிருக்கீங்க மாமா. எவனோ ஒரு சிடுமூஞ்சிக்குப் போகுது."

நூலோடு திரும்பிப் பார்த்தாள். டானே மேசையைப் பிடித்துக்கொண்டு போனையே பார்த்தபடி நின்றார். கண்ணீர் மீசைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. முகமோ சிரித்துக்கொண்டிருந்தது.

"எண்ணெல்லாம் சரிதாம்மா. என் பையனுக்குத்தான் தொண்டை கட்டியிருக்கு... இன்னொரு தடவை சரிபார்த்துடேன்."