சித்தனுக்கு ஏணி இல்லை

"கட்டின புருசனையே காட்டிக் குடுத்துட்டியே பானு! நொம்ப நல்லா இருக்குது!"

பக்கத்து வீட்டுக் கண்ணாயி குழாயடியில் போட்ட சத்தத்தில், பானுவின் இடுப்பில் இருந்த ஆறு மாதக் குழந்தை மிரண்டு அழுதது.

"நான் என்னக்கா பண்ணுனேன்?"

"ராத்திரி குடிச்சவனுக்கு மிளகு பறிக்க ஏணி இல்லைன்னு, காலையில அத்தனை பேரு முன்னால எஸ்டேட் ரைட்டர் சொல்லிட்டாரு. உம் புருசன் பொம்பளைங்களோட உக்காந்து, கீழ உதுந்ததப் பொறுக்கிட்டு இருந்தான். எங்களுக்கே கூசிப் போச்சு. ஊட்டுல நடந்தது ரைட்டருக்கு எப்படித் தெரியும்? விடியக்காலையில எஸ்டேட் ஆபீஸ் வாசல்ல நீ நின்னத நான் பாத்தேன்."

நின்றது உண்மைதான். அவருக்கு ஏணி கொடுக்காதீங்க என்று ரைட்டரிடம் சொல்லத்தான் போனாள். தைரியம் வராமல் திரும்பிவிட்டாள்.

போன வாரம் குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போன இடத்தில், பெஞ்சிலிருந்து எழுந்த சித்தன் தடுமாறிச் சுவரைப் பிடித்தான். நர்ஸ் மரியசெல்வி அவனைப் படுக்க வைத்து நாடியை எண்ணினார். நிற்க வைத்து மறுபடி எண்ணினார்.

"படுத்தா எண்பத்தி ரெண்டு. நின்னா நூத்தி இருபது. குடிச்சா ரத்தக்குழாய் தளர்ந்துடும். எந்திரிச்சதும் ரத்தம் காலுக்கு எறங்கிடும். அதை மேல ஏத்தத்தான் இதயம் இந்த ஓட்டம் ஓடுது. அதுக்கும் முடியலைன்னா கண்ணு இருட்டும். தரையில விழுந்தா எந்திரிச்சுக்கலாம். ஏணியில நிக்கறப்ப?"

சித்தன் சிரித்தான். "பதினஞ்சு வருசமா ஏறறனுங்க சிஸ்டர். எனக்கா ஆகப் போகுது?"

அந்தச் சிரிப்புதான் பானுவைத் தூங்கவிடவில்லை. கண்ணை மூடினால், மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் சாய்த்த மூங்கில் ஏணியும் அதன் உச்சியில் அவனும்.

இப்போது மேட்டில் ஏறி வந்துகொண்டிருந்தான் சித்தன்.

கண்ணாயி முந்திக்கொண்டாள். "கேளு தம்பி, உம் பொண்டாட்டி ரைட்டர்கிட்ட..."

"அவ சொல்லலீங்கக்கா. நாந்தான் சொன்னேன்."

பானு நம்பாமல் பார்த்தாள்.

"சிஸ்டர் சொன்ன மறுநாளே மேல கண்ணு இருட்டிடுச்சுங்க. கொடியக் கட்டிப் புடிச்சுட்டு நின்னேன். பாப்பா மூஞ்சிதான் தெரிஞ்சுது. எறங்கி நேரா ரைட்டர்கிட்டப் போனேன். குடிச்ச மறுநாள் நானே கெஞ்சினாலும் ஏணி தராதீங்கன்னுட்டேன். நேத்து குடிச்சதையும் காலையில நாந்தான் சொன்னேன்."

"மானம் போகுதே தம்பி!"

"போகட்டுமுங்க. நாலு நாள் உங்ககூட உக்காந்து பேச்சு வாங்கினா, குடிக்கற ஆசையே போயிடும்."

பானு குழந்தையை அவன் கையில் கொடுத்தாள்.

கண்ணாயி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, சித்தனின் காதருகே வந்தாள்.

"எங்க ஊட்டுக்காரர் பேரையும் ரைட்டர்கிட்டச் சொல்லிடு சாமி. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாத."